கலைச்சொல் வேணும்: புள்ளிக்கு வலது பக்க இடங்களுக்கு எண்ணக்கூடிய பேர்

எல்லாருக்கும் வணக்கம்,

தசம எண்ணை விரிச்சு எழுதறதுக்கு "விரிவாக்க வடிவம்"னு சொல்லிக்கிட்டிருக்கோம், "இடமதிப்பு"ங்கறதும் நல்லா நிலைச்சிடுச்சு, அந்த ரெண்டையும் நான் தொடல. எனக்கு இடிக்கிறது புள்ளிக்கு வலது பக்கம் இருக்கற இடங்களோட பேர்தான். பத்தில் ஒன்று, நூறில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்று. தனியா சொன்னா அருமையான தமிழ், விளக்கமே தேவையில்ல. ஆனா விரிச்சு எழுதறப்போ அதுக்கு முன்னாடி ஒரு இலக்கம் வந்து உக்காரணுமே! 5.37-ஐ எடுத்துக்கோங்க, 5 ஒன்று + 3 பத்தில் ஒன்று + 7 நூறில் ஒன்று. இத வாய்விட்டு படிச்சுப் பாருங்க. "மூணு பத்தில் ஒன்று" முப்பதுல ஒண்ணு மாதிரி கேக்குது, "ஏழு நூறில் ஒன்று" 1/700 ஆயிடுது. போர்டுல 7 × 1/100-ன்னு எழுதிட்டா கண்ணுக்குக் குழப்பம் இல்லதான், ஆனா டீச்சர் சொல்லக் கேட்டு எழுதற பிள்ளை என்ன பண்ணும்?

இடது பக்கம் பாருங்க, தமிழ்ல அங்க சிக்கலே கிடையாது. நம்ம பழைய எண் எழுத்தே விரிவாக்க வடிவம்தான், 234-ஐ ௨௱௩௰௪-ன்னு எழுதினாங்க, ரெண்டு நூறு, மூணு பத்து, நாலு, அப்படியே கூட்டிக்க வேண்டியதுதான். பத்து, நூறு, ஆயிரம் எல்லாம் எண்ணக்கூடிய பொருள் மாதிரி நிக்குது. வலது பக்கமும் அதே மாதிரி ஒத்தப் பெயர்ச்சொல்லா நின்னாத்தான் முன்னாடி 3, 7-ன்னு போட முடியும்.

பேர் சரியா இல்லாததால பிள்ளைங்க அந்த இடங்களைத் தனித்தனியா பாக்கறதே இல்லங்கறது என் எண்ணம். 3.45-ன்னா மூணு ரூபா நாப்பத்தஞ்சு பைசா, 4.250-ன்னா நகைக்கடையில நாலு கிராம் இருநூத்தம்பது மில்லி, அவ்வளவுதான், புள்ளிக்கு அப்புறம் வேற ஒரு முழு எண் இருக்கற மாதிரி ஆயிடுது. அதனாலதான் 3.45 பெரிசா 3.5 பெரிசான்னு கேட்டா 45 பெரிசுன்னு சொல்லிடுதுங்க. 3.45-ல இருக்கற 4-ம் 3.5-ல இருக்கற 5-ம் ஒரே இடம்னு சொல்றதுக்கு அந்த இடத்துக்கு ஒரு பேர் வேணாமா?

என் பரிந்துரை: கீழ்ப்பத்து, கீழ்நூறு, கீழாயிரம். முழு எண்களை மேல்வாய் இலக்கம், பின்னங்களைக் கீழ்வாய் இலக்கம்னு சொன்ன மரபு நமக்கு ஏற்கனவே இருக்கு. 5.37 = 5 ஒன்று + 3 கீழ்ப்பத்து + 7 கீழ்நூறு. எல்லாரும் கருத்து சொல்லுங்க.

———

வணக்கம் தங்கச்சி,

நல்ல விசயத்தைத் தொட்டிருக்கிறீர். இலங்கையில நாங்கள் இடப்பெறுமானம் எண்டுதான் படிச்சது, புள்ளிக்குப் பிறகு வாறதை முதலாம் தசமதானம், இரண்டாம் தசமதானம் எண்டு எண்ணுவம். 1585-இல சைமன் ஸ்டெவின் எண்ட கணித அறிஞர் தசமத்தை ஐரோப்பாவில பரப்பேக்கையும் இப்பிடித்தான் செய்தவர், ஒவ்வொரு இலக்கத்துக்கும் பக்கத்தில வட்டத்துக்குள்ள 0, 1, 2, 3 எண்டு போட்டு எழுதினவர். அதையே பேராய் வச்சால் என்ன?

"கீழ்" என்டதில எனக்கு இரண்டு தடை இருக்கு. பழைய கணக்கில கீழ் எண்டால் 320-இல ஒரு பங்கு, அது திட்டமான அளவு. மா எண்டால் 1/20, கீழ் மா எண்டால் 1/6400. அந்தக் கணக்குப் படிக்கிற ஆக்கள் கீழ்ப்பத்தைப் பாத்து 10/320 எண்டு நினைக்க மாட்டினமே? மற்றது, கீழ்ப்பத்து இருந்தால் கீழொன்று எங்க எண்டு பிள்ளை கேக்கும். பதின்கூறு, நூற்றுக்கூறு, ஆயிரக்கூறு எண்டு வைக்கலாமே, கூறு எண்டால் பங்கு எண்டு எல்லாருக்கும் விளங்கும்.

———

அண்ணா, விரிவா எழுதினதுக்கு ரொம்ப நன்றி.

> முதலாம் தசமதானம், இரண்டாம் தசமதானம்

இது இடத்தைச் சொல்லுது, மதிப்பைச் சொல்லல. எத்தனை தானத்துக்குத் திருத்தமா வேணும்னு கேக்க இத விட நல்ல சொல் கிடையாது, எங்க பக்கமும் எடுத்துக்கலாம். ஆனா விரிவாக்கத்துல 7 × 1/100-ன்னு பெருக்க வேண்டிய அந்த 1/100-க்குத்தான் பேர் தேடறோம்.

> பதின்கூறு, நூற்றுக்கூறு, ஆயிரக்கூறு

பதின்கூறு எனக்கும் பிடிச்சிருக்கு. நூற்றுக்கூறும் தப்பிச்சிடும், ஏன்னா ஏழு நூற்றுக்கூறு வேற எழுநூறு வேறன்னு தமிழே பிரிச்சுக் காட்டிடுது, ஒன்பது நூற்றுக்கூறை யாரும் தொள்ளாயிரம்னு எடுத்துக்க மாட்டாங்க. மாட்டறது ஆயிரத்துலதான். 0.002-ஐ "இரண்டு ஆயிரக்கூறு"ன்னு சொன்னா புணர்ந்து "இரண்டாயிரக்கூறு" ஆயி 1/2000-க்குப் போயிடும், மறுபடி அதே குழி. "இரண்டு கீழாயிரம்"னு சொன்னா கீழ் நடுவுல நின்னு தடுத்துடுது, நான் அதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறதுக்குக் காரணமே இதுதான்.

பழைய அளவோட மோதுறது நிஜமான தடை, ஒத்துக்கறேன். ஆனா அங்க கீழ் சேர்ந்தது முந்திரி (1/320), மா, காணி (1/80) மாதிரியான பின்னப் பேர்களோட, பத்து, நூறோட இல்ல, அதனால கீழ்ப்பத்து அங்க ஏற்கனவே பிடிபட்ட இடம் இல்ல. அதோட அந்த முறையில நூறில் ஒன்றையே நேரா எழுத முடியாது, மூணு முந்திரியும் கீழ் நாலுமாவும் சேர்ந்தாத்தான் வரும், அதாவது 3/320 + 1/1600. ரெண்டு கணக்கும் ஒரே வரியில சந்திக்கற இடம் ரொம்ப அபூர்வம், சந்திச்சா அங்க ஒரு குறிப்பு போட்டுக்கலாம்.

கீழொன்று கேள்வியை நான் தடையா பாக்கல, பிள்ளை அதைக் கேக்கணும்னுதான் ஆசைப்படறேன். பத்தால வகுத்தா கீழ்ப்பத்து, நூறால வகுத்தா கீழ்நூறு, ஒண்ணால வகுத்தா? ஒண்ணேதான். அதனால மேல் பக்கத்துக்கும் கீழ் பக்கத்துக்கும் நடு புள்ளி கிடையாது, ஒன்றின் இடம்தான் நடு. நீங்க சொன்ன ஸ்டெவினும் வட்டத்துக்குள்ள 0 போட்டது அந்த இடத்துக்குத்தானே! பின்னாடி வகுப்புல 10-க்கு அடுக்கு போட்டு எழுதறப்போ பத்துக்கு 1, ஒன்றுக்கு 0, கீழ்ப்பத்துக்கு மைனஸ் 1-னு அதே வரிசை வருது. புள்ளியை நடுவா வச்சுப் பழகின பிள்ளைதான் புள்ளிக்கு அந்தப் பக்கம் ரெண்டாவது பத்து, இந்தப் பக்கம் முதலாவதே பத்தில் ஒன்று, ஏன் சமமா இல்லன்னு முழிக்குது.

சோதிச்சுப் பாக்க ஒரு எண் தர்றேன், நடுவுல பூஜ்யம் வர்றது: 40.702 = 4 பத்து + 7 கீழ்ப்பத்து + 2 கீழாயிரம். இதையே கூறு வச்சு சொல்லிப் பாருங்க, உங்க வகுப்புப் பிள்ளைங்க ரெண்டு பேருக்கு ரெண்டு விதமாவும் சொல்லி எழுதச் சொல்லுங்க. எதைக் கேட்டு சரியா எழுதறாங்களோ அதையே வச்சுக்கலாம், கூறு ஜெயிச்சா எனக்கு அதுவும் சந்தோஷம்தான்.