பழைய நீச்சல் குளத்தை இடித்துவிட்டுப் புதுசு கட்டினால் என்ன ஆகும்? பார்த்தவர்கள் சொல்லுங்கள்

பாலாற்றுக்காரன்

ஊருக்கு வந்திருந்தபோது ஒரு பேச்சு காதில் விழுந்தது. நம்ம வட ஆற்காட்டுப் பக்கம் ஒரு பழைய பொது நீச்சல் குளத்தை இடித்துவிட்டு, அதே இடத்தில் ஜிம், தண்ணீர்ச் சறுக்கு, சின்னப் பிள்ளைகளுக்குத் தனித் தொட்டி, ஷட்டில் கோர்ட், மாடியில் காபி ஷாப் என்று எல்லாம் ஒரே கூரைக்கடியில் வருகிற மாதிரி கட்டலாமாம். எந்த ஊர் என்று சொல்லவில்லை, இன்னும் வெறும் பேச்சுதான். போனில் படம் காட்டினார்கள். தண்ணீர் நீலமாக இருந்தது, புல் பச்சையாக இருந்தது, வெயில் மட்டும் இல்லை. அந்தப் படத்தை வரைந்தவரைக் கத்திரியில் ஒரு வாரம் சத்துவாச்சாரியில் தங்க வைக்க வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் இப்போது குடும்பத்தோடு இங்கிலாந்தில் இருக்கிறேன். இங்கே இதே வேலை ஊருக்கு ஊர் நடக்கிறது. 1960களிலும் 70களிலும் கட்டிய குளங்களுக்கெல்லாம் வயதாகிவிட்டது, கூரை ஒழுகுகிறது, பாய்லர் பழசு, தண்ணீரைச் சூடாக வைத்திருக்கவே காசு கரைகிறது, அதனால் இடித்துவிட்டு 'லீஷர் சென்டர்' கட்டுகிறார்கள். நல்லபடியாகவும் நடந்திருக்கிறது. எக்ஸிட்டர் என்ற ஊரில் 2022-ல் திறந்த புதுக் கட்டடம் சுவர், ஜன்னல் எதிலும் சூடு வெளியே போகாத மாதிரி கட்டியது, எட்டு லேன், 25 மீட்டர். கவென்ட்ரி கதை வேறு. அங்கே 1966-ல் திறந்த 50 மீட்டர் குளம் இருந்தது, ஒட்டினாற்போல யானை வடிவத்தில் ஒரு விளையாட்டுக் கட்டடம் வேறு. ஊர் நடுவில் 2019-ல் சறுக்கு, அலை எல்லாம் வைத்த தண்ணீர்ப் பூங்கா வந்தது. 2020-ல் பழைய குளத்தை மூடினார்கள். 50 மீட்டர் குளம் ஊர் மையத்தை விட்டுத் தள்ளி இன்னொரு வளாகத்துக்குப் போனது. விளையாட்டுத் தண்ணீர் நடுவில், நீந்துகிற தண்ணீர் தள்ளி.

நாங்கள் இருக்கும் சின்ன ஊரிலும் இடித்துக் கட்டினார்கள். பழைய குளம் அழகில் சேர்த்தியே இல்லை. துணி மாட்டுகிற கொக்கி பாதி இருக்காது, ஷவரில் தண்ணீர் வரும், வராது. ஆனால் ஆழப் பக்கம் 12 அடி, குதிக்கப் பலகை உண்டு. புதுசைத் திறந்தபோது நானும்தான் வாயைப் பிளந்தேன். கொஞ்ச நாள் போன பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. ஆழம் ஆறடியோடு நின்றுவிட்டது, பலகை இல்லை. சனி ஞாயிறு மதியம் காற்றடைத்த பெரிய பொம்மையை மிதக்க விட்டுவிடுகிறார்கள், நேராக நீந்த ஒரு லேன் கூடக் கிடைக்காது. பெரியவர்கள் நீந்துகிற விடிகாலை நேரம் அரை மணி குறைந்துவிட்டது. பழைய கால அட்டவணையைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன், புதுசோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கட்டடம் இரண்டு பங்கு, நீச்சல் முக்கால் பங்கு.

இங்கே ஒன்று காப்பாற்றுகிறது. ஆரம்பப் பள்ளி முடிப்பதற்குள் பிள்ளை 25 மீட்டர் நீந்த வேண்டும் என்று பாடத்திட்டத்திலேயே இருக்கிறது, அதனால் பள்ளிக்கூடங்களுக்கு லேன் ஒதுக்கியே ஆக வேண்டும். நம்ம ஊரில் அப்படி ஒரு பிடி இல்லை. அதனால்தான் கேட்கிறேன், நீங்கள் யாராவது இப்படி மாறியதைப் பார்த்திருக்கிறீர்களா?

பம்ப் ரூம் ஆள்

தம்பி, நான் குளத்துக்கு மேலே நின்றதை விடக் கீழே பம்ப் ரூமில் நின்றதுதான் அதிகம். ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் மேலே நடக்கிறதைச் சொன்னீர்கள், நான் கீழே நடக்கிறதைச் சொல்கிறேன்.

25 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், சராசரி ஆழம் இரண்டு மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், 6 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் என்றால் 50 லோடு. நம்ம பக்கத்து வெயிலில் ஒரு நாளைக்கு ஆறு மில்லிமீட்டர் ஆவியாகப் போகிறது என்று கணக்குப் போட்டாலே 1,800 லிட்டர், அது ஒருத்தரும் இறங்காமலேயே போகிற தண்ணீர். ஆறு மணலாகக் கிடக்கிற ஊரில் இந்தக் கணக்கைப் படம் போடுகிறவர்கள் யாரும் போடுவதில்லை.

அந்தக் காலத்தில் பல குளங்களில் ஃபில்டரே கிடையாது. நிரப்பு, பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்று, படிகாரம் போடு, பாசி பிடித்தால் மயில்துத்தம், கலங்கினால் திறந்துவிடு. அப்புறம் மணல் ஃபில்டர் வந்தது. பம்ப் தண்ணீரை இழுத்து மணல் தொட்டி வழியாக அனுப்பும், அழுக்கு மணலில் நிற்கும், மணல் அடைக்க அடைக்க மீட்டர் முள் ஏறும். முள் ஏறிவிட்டால் தண்ணீரைத் திருப்பி விட்டு மணலை அலச வேண்டும், பேக்வாஷ் என்போம். பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும், முதலில் டீ நிறத்தில் வரும், அது தெளிகிற வரைக்கும் கையை வால்விலிருந்து எடுக்கக் கூடாது. தண்ணீரை மிச்சம் பிடிக்கிறேன் என்று பாதியில் மூடுகிறவனும் உண்டு, மறுநாள் குளம் அவனைக் காட்டிக் கொடுத்துவிடும்.

குளோரின் வாசனை அடித்தால் 'மருந்து ஜாஸ்தி' என்று சண்டைக்கு வருவார்கள். உண்மையில் வியர்வையும் மூத்திரமும் குளோரினோடு கலந்தால்தான் அந்த மூக்கைத் துளைக்கிற வாடை, கண் எரிச்சல் எல்லாம். நல்ல தண்ணீரில் வாடை ரொம்ப இருக்காது. குளிக்காமல் குதிக்கிறவனை நிறுத்தினால் பாதி மருந்துச் செலவு மிச்சம்.

இப்போது சறுக்கு, குடை மாதிரி கொட்டுகிற தண்ணீர், பீய்ச்சுகிற பொம்மை எல்லாம் வைக்கிறார்களே, அது தனி வேதனை. தண்ணீர் காற்றில் அடிபட அடிபட காரம் ஏறும், ஆசிட் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், குளோரினும் பறக்கும். அது ஆழமில்லாத தண்ணீர், சீக்கிரம் சூடாகும், அதில் சின்னப் பிள்ளைகள் கூட்டம். கொஞ்சம் தண்ணீரில் நிறைய அழுக்கு. பெரிய குளத்துக்கும் அதற்கும் ஒரே ஃபில்டர் போட்ட இடத்தை நான் பார்த்திருக்கிறேன், பெயர் வேண்டாம். முதல் கோடை தாண்டவில்லை, பிள்ளைத் தொட்டியை வற்ற விட்டு அதில் நாற்காலி அடுக்கி வைத்திருந்தார்கள்.

இன்னொன்று, இடிப்பதற்கு முன்னால் குளத்தைக் காலி செய்து மாதக்கணக்கில் போட்டு வைப்பார்கள். மழைக்காலத்தில் அதைச் செய்யாதீர்கள். நிலத்தடித் தண்ணீர் ஏறினால் காலித் தொட்டியை அடியிலிருந்து தூக்கும். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் போனதே, அந்தச் சமயம் ஒரு ஓட்டல் குளத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். பராமரிப்பு என்று காலி செய்து வைத்திருந்தார்கள், நடுத்தரை உப்பி டைல்ஸ் வரிசையாகப் பெயர்ந்து நின்றது. அடியில் ஒரு வால்வு வைத்தால் அந்தத் தண்ணீர் உள்ளே வந்து அழுத்தம் குறையும். சின்ன விஷயம்தான். கட்டுகிறபோது கேட்டால் உண்டு, பிறகு கேட்டால் தரையை உடைக்க வேண்டும்.

மேல்விஷாரம் அக்கா

நீங்கள் இரண்டு பேரும் ஆழம், ஃபில்டர் என்கிறீர்கள் அண்ணா, எனக்குக் கண்ணாடிதான் பிரச்சினை.

என் மகளை நீச்சலுக்குச் சேர்த்த பழைய குளத்தைச் சுற்றி ஆளுயரத்துக்கு மேலே மதில். அழுக்குச் சுவர், ஆனால் சுவர். வாரத்தில் சில நாள் காலையில் பெண்களுக்கு மட்டும் என்று ஒரு மணி நேரம், கற்றுக் கொடுக்கவும் ஒரு பெண். கேட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிற ஆயா ஒரு ஆம்பளையைக் கிட்ட விடாது, தண்ணி பார்க்க வந்த பிளம்பரையே திருப்பி அனுப்பியது. அந்த நேரத்தில் முழுக்க உடம்பை மூடுகிற நீச்சல் உடை போட்டு நாங்கள் பத்துப் பதினைந்து பேர் இறங்குவோம். முதலில் சுடிதாரோடு இறங்கக் கேட்டோம், விடவில்லை. பருத்தி நூல் பிரிந்து ஃபில்டரில் போய் அடைக்கும், நனைந்தால் எடை வேறு இழுக்கும் என்றார்கள். அது நியாயம்தான், நைலான் துணியில் தைத்துக்கொண்டோம். வாணியம்பாடியில் தைத்துத் தருகிற ஒரு டெய்லரம்மாவைக் கண்டுபிடித்தது தனிக் கதை.

இப்போது உறவுக்காரர்கள் இருக்கிற நகரத்தில் புதிதாகக் கட்டிய வளாகத்துக்குப் போனேன். தரை வழுக்கவில்லை, கழிப்பறை சுத்தம், சக்கர நாற்காலியோடு தண்ணீர் வரைக்கும் போக சாய்வுப் பாதை, இதையெல்லாம் குறை சொல்ல முடியாது. என் மாமியாருக்கு முழங்கால் வலி, ஏணியில் இறங்க முடியாதவர், அந்தப் பாதையில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தானே இறங்கினார். ஆனால் குளத்தின் ஒரு பக்கம் முழுவதும் கண்ணாடி, அந்தப் பக்கம் மேஜை போட்டு பர்கர் சாப்பிடுகிறார்கள். பெண்கள் நேரம் உண்டா என்று கேட்டால் 'குடும்ப நேரம் இருக்கிறது மேடம்' என்று சிரித்தார்கள். குடும்ப நேரம் என்றால் குடும்பத்து ஆண்கள் எல்லாரும் வருகிற நேரம்.

இங்கிலாந்தில் இதற்கு என்ன செய்கிறார்கள் என்று தெரிந்தால் சொல்லுங்கள் அண்ணா.

பழைய ஆற்காட்டான்

நான் சென்னையில் இருக்கிறேன். இடிக்காமலும் ஓட்டலாம் என்பதற்கு மெரினா நீச்சல் குளம் இருக்கிறது. மாநகராட்சிக் குளம், ரொம்பப் பழசு, நூறு மீட்டர் நீளம். மூடி ரிப்பேர் பார்த்துத் திறக்கிறார்கள், மறுபடி மூடுகிறார்கள், மறுபடி திறக்கிறார்கள், ஆனால் மணிக்கணக்கு டிக்கெட்டில் யாரும் இறங்கலாம். வேளச்சேரிக் குளம் 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டியது, அங்கே போட்டிக்குப் பயிற்சி எடுக்கிற பிள்ளைகளும் உண்டு, கோடையில் 12 நாள் கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகளும் உண்டு. இரண்டிலும் காபி ஷாப்புக்காக யாரும் வரவில்லை.

எனக்குப் பயம் டிக்கெட் விலைதான். ஜிம், ஷட்டில் எல்லாம் சேர்த்து மாதச் சந்தா என்று ஆக்கிவிட்டால், ஒரு மணி நேரத்துக்குக் காசு கொடுத்துக் குதித்துவிட்டுப் போகிற பையன் எங்கே போவான்? கிணற்றுக்குத்தான். நம்ம பக்கத்துக் கிணறுகளில் பாதி பாழடைந்து கிடக்கிறது, ஏறப் படி இல்லை. நாங்கள் கற்றுக்கொண்ட காலத்தில் இடுப்பில் கயிறு கட்டி மேலே சித்தப்பாவோ மாமாவோ பிடித்திருப்பார், சுரைக்குடுக்கை முதுகில் இருக்கும். இப்போது பிடிக்க ஆளும் இல்லை, கயிறும் இல்லை. மே மாதத்துச் செய்தித்தாளை எடுத்துப் பாருங்கள்.

பாலாற்றுக்காரன்

அக்கா, இங்கே பெண்கள் நேரத்தில் கண்ணாடிக்குத் திரை இறக்கிவிடுகிற குளங்கள் உண்டு, உயிர்காப்பாளரும் பெண்ணாகவே போடுவார்கள். ஆனால் அந்தத் திரையைக் கட்டுகிறபோதே கேட்டு வாங்கியிருக்க வேண்டும். எங்கள் ஊரில் பிறகு கேட்டு, பட்ஜெட் இல்லை என்று சொல்லி, கடைசியில் பிரவுன் பேப்பர் ஒட்டினார்கள். ஈரத்தில் அது நாலு நாளில் சுருண்டுவிட்டது.

பம்ப் ரூம் அண்ணே, ஆழம் பற்றி ஒரு விஷயம். இங்கே சில புதுக் குளங்களில் தரையே ஏறி இறங்கும். பொத்தானை அழுத்தினால் மொத்தத் தரையும் மேலே வரும், முழங்கால் அளவுத் தண்ணீரில் குழந்தைகள் நிற்கலாம், மறுபடி இறக்கினால் பெரியவர்கள் நீந்தலாம். ஒரே தண்ணீரில் இரண்டு வேலை, தனித் தொட்டி, தனி ஃபில்டர் வேண்டாம். நம்ம ஊருக்கு இது சரிப்படுமா?

பம்ப் ரூம் ஆள்

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தரைக்கு அடியில் சேருகிற வண்டலை எப்படி எடுப்பார்கள், ஆள் உள்ளே இறங்க வழி இருக்கிறதா, அதை முதலில் விசாரியுங்கள். நம்ம தண்ணீர் உப்புத் தண்ணீர், பக்கெட்டில் ஒரு வாரம் வைத்தாலே வெள்ளையாகப் படியும், அந்த இரும்பெல்லாம் தாங்குமா என்றும் கேளுங்கள். அப்புறம், தரை பாதி ஏறும்போது கரண்ட் போனால்?

பாலாற்றுக்காரன்

அதைக் கேட்டுவிட்டு வந்து சொல்கிறேன் அண்ணே. இந்த ஊரில் கரண்ட் போகாததால் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

மேல்விஷாரம் அக்கா

திரைக்கு எவ்வளவு ஆகும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள் அண்ணா. மதில் சுவரே மலிவு என்றால் அதையும் எழுதுங்கள்.