23 வயசில் கை நடுக்கம், தைராய்டு நார்மல்: அடுத்து என்ன பார்க்கணும்?

நெல்லைக்காரன்:
தம்பிக்கு 23 வயசு. ஆறேழு மாசமா ரெண்டு கையும் நடுங்குது. டம்ளரைத் தூக்கும்போது, கையெழுத்துப் போடும்போது அதிகம். கையை மடியில் வெச்சிருந்தா இல்லை. டிஎஸ்ஹெச், சுகர், மூளை எம்ஆர்ஐ எல்லாம் நார்மல். வீசிங்குக்கு சால்பியூட்டமால் இன்ஹேலர் உண்டு. "டென்ஷன்தான்"னு புரோப்ரனலால் மாத்திரை எழுதியிருக்காங்க, இன்னும் வாங்கலை. வேறு என்ன பார்க்கணும்?

மருந்தாளுநர்:
வீசிங் இருக்கிறவங்களுக்கு புரோப்ரனலால் ஆகாது. மூச்சுக்குழாயைச் சுருக்கும், இன்ஹேலரையும் வேலை செய்ய விடாது. வாங்குறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட வீசிங்கைச் சொல்லுங்க.

சால்பியூட்டமாலே கையை நடுங்க வைக்கும். சில மணி நேரத்தில் அடங்கிடும். பஃப் எடுத்த நேரம், நடுங்கின நேரம் ரெண்டையும் ஒரு வாரம் குறிச்சு வைங்க. எடுக்காத நாளிலும் அதே அளவு நடுங்கினா காரணம் வேற. வலிப்புக்கோ மனநலத்துக்கோ கொடுக்கிற வால்ப்ரோயேட், லித்தியம், எஸ்சிடலோபிராம் மருந்துகளும் நடுக்கம் தரும். ஜிம்முக்கு முன்னாடி கலக்கிக் குடிக்கிற பவுடரில் காஃபின் இருக்கும். அதை மருந்துன்னு பசங்க நினைக்கிறதில்லை, தனியா கேட்டாத்தான் சொல்வாங்க.

நரம்பியல்_பிஜி:
அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ இதே நடுக்கம் இருந்திருந்தா எசென்ஷியல் ட்ரெமரா (வேறு நோய் இல்லாம, பல நேரம் குடும்பவழியா வர்ற நடுக்கம்) இருக்கலாம். ஆனா 40 வயசுக்குள்ள காரணம் பிடிபடாத நடுக்கம்னா வில்சன் நோயைப் பார்க்காம விடக்கூடாது. ஈரல் செம்பைப் பித்தத்தில் வெளியேற்ற முடியாம, அது ஈரலிலும் மூளையிலும் படியுற நோய். அரிதுதான், ஆனா சீக்கிரம் பிடிச்சா மருந்து இருக்கு. எம்ஆர்ஐ நார்மல்னா வாய்ப்பு குறையுது, அவ்வளவுதான்.

பார்க்க வேண்டியது மூணு: ரத்தத்தில் செருலோபிளாஸ்மின் (செம்பைச் சுமக்கிற புரதம், பொதுவா 20–40 மி.கி./டெ.லி., இந்த நோயில் குறையும்), 24 மணி நேர சிறுநீரில் செம்பு (100 மைக்ரோகிராமுக்கு மேல போனா சந்தேகம் வலுக்கும்), ஸ்லிட் லேம்ப்பில் (கண் டாக்டர் வெச்சிருக்கிற, விளக்கோட சேர்ந்த நுண்ணோக்கி) கண் பரிசோதனை. செம்பு படிஞ்சு கருவிழி ஓரத்தில் வர்ற பழுப்பு வளையம் நம்ம ஊர்க் கண்ணில் டார்ச் அடிச்சா சுலபமா தெரியாது. இது அப்பா, அம்மா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் மரபணு வழியா வர்ற நோய், அதான் கேக்குறேன்: பெற்றோர் சொந்தத்தில் கல்யாணம் பண்ணவங்களா?

லேப்_செந்தில்:
சொதப்புறது அந்த 24 மணி நேர சாம்பிளில்தான். காலையில் ஆறு மணிக்குப் போற முதல் சிறுநீரைச் சேர்க்கக் கூடாது. அதுக்கப்புறம் போறது எல்லாம், மறுநாள் ஆறு மணிக்குப் போறது உட்பட, கேனுக்குள்ள வரணும். ஒரு தடவை விட்டாலும் அளவு குறைச்சலா காட்டும். மறைக்காம மறுபடி ஆரம்பிங்க. லேப் கொடுக்கிற பிளாஸ்டிக் கேன் மட்டும்தான், உலோகச் சொம்பில் பிடிச்சு ஊத்தினா ரிசல்ட் கெடும். அதே சாம்பிளில் கிரியாட்டினினும் கேளுங்க, முழுசா சேர்ந்திருக்கான்னு தெரியும். காய்ச்சல் இருக்கும்போது செருலோபிளாஸ்மின் ஏறி, குறைவா இருக்கிறவங்களுக்கும் நார்மல்னு வரும், சரியானதும் கொடுங்க.

நெல்லைக்காரன்:
ஆமா, அப்பாவுக்கு அம்மா மாமா பொண்ணுதான். தங்கச்சிக்கு 19, அவளுக்கு ஒண்ணும் இல்லை. அவளுக்கும் பார்க்கணுமா?

நரம்பியல்_பிஜி:
தம்பிக்கு உறுதியானா கட்டாயம். உடன்பிறந்தவங்களுக்கு நாலில் ஒரு வாய்ப்பு. அறிகுறி வர்றதுக்கு முன்னாடியே மருந்து தொடங்கலாம். முதல்ல தம்பி ரிசல்ட் வரட்டும்.