எண்ணூர்க் கழிமுகத்தில் வலசைப் பருந்துகளை எப்படி எண்ணுவது?

கத்திவாக்கத்தான் கேட்டது:
ஐப்பசி பிறந்துவிட்டால் கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் பக்கம் பூனைப்பருந்துகள் வந்துவிடுகின்றன. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள ஹாக் மவுன்டனில் 1934ஆம் ஆண்டு தொடங்கிய வலசைக் கணக்கெடுப்பைப் பற்றி அறிந்ததிலிருந்து, எங்கள் மொட்டைமாடியிலும் அப்படி ஒன்றைச் செய்துபார்க்க ஆசை. சென்ற ஞாயிறு இரண்டு மணி நேரத்தில் 64 பருந்துகளைக் குறித்தேன். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை மீன் இறங்குமிடத்தைச் சுற்றும் உள்ளூர்க் கரும்பருந்துகளாக இருக்குமோ, ஒன்றையே நான்கு முறை எண்ணிவிட்டேனோ என்ற ஐயம் தீரவில்லை.

புழல் ஏரிக்கரை எழுதியது:
உங்கள் ஐயம் நியாயமானது, ஐயா. ஹாக் மவுன்டன் நீண்ட மலைத்தொடரில் இருக்கிறது. சரிவில் மோதும் காற்று மேலெழும்ப, அதைப் பிடித்துக்கொண்டு தெற்கே செல்லும் பறவைகள் கண்காணிப்பாளரை ஒருமுறைதான் கடக்கின்றன. நம் கடற்கரையோ தட்டையானது. அதோடு, இங்கு வரும் பூனைப்பருந்துகளில் பல இங்கேயே பங்குனி வரை தங்கிவிடுகின்றன. ஆகவே வானில் வட்டமிடும் எதையும் எண்ணாதீர்கள். வட்டத்தை விட்டு விலகி, இறக்கையசைக்காமல் ஒரே திசையில் நழுவிச் செல்வதை மட்டும் குறியுங்கள். பார்த்த நேரத்தையும், ஒன்றும் வராத நாளின் சுழியத்தையும் விட்டுவிடக் கூடாது. முடிந்தால் இளம் பறவையா, வளர்ந்ததா என்பதையும் எழுதுங்கள். ஹாக் மவுன்டனில் இளம் வெண்தலைக் கழுகுகள் குறைந்து வந்ததைக் காட்டிய பதிவுகளை, டிடிடி என்ற பூச்சிக்கொல்லியின் தீங்கை எடுத்துரைக்க அமெரிக்க எழுத்தாளர் ரேச்சல் கார்சன் பயன்படுத்தியது அந்த ஒரு குறிப்பு இருந்ததால்தான்.

அலையாத்தி எழுதியது:
பகலை விட அந்திப் பொழுதே நமக்கு ஏற்றது என்பது என் அனுபவம். சேற்றுப் பூனைப்பருந்துகள் கோரையிலும் புல்லிலும் தரையோடு உறங்குபவை. நவம்பரில் இங்கே 5.40 மணியளவில் சூரியன் மறைவதால், 5 மணிக்கே பைனாகுலருடன் ஓரிடத்தில் அமர்ந்து, புல்வெளிக்குள் வருவனவற்றைக் கூட்டி, வெளியேறுவனவற்றைக் கழித்துவிட வேண்டும். இறக்கைகளைச் சற்றே உயர்த்தி, புல் நுனியை உரசுவதுபோல் வரும் பெட்டையின் வெளிர்மஞ்சள் உச்சந்தலை மங்கிய வெளிச்சத்திலும் தெரியும். அது இறங்கிய பிறகு திடீரென எழும்பி, பத்தடி தள்ளி மறுபடியும் அமரும். அங்கேதான் புதியவர்கள் இரண்டாக எண்ணிவிடுகிறார்கள். உறங்குமிடத்துக்குள் மட்டும் தயவுசெய்து நடக்காதீர்கள், ஒருமுறை மிரண்டால் அவை வேறிடம் தேடிப் போய்விடக்கூடும்.

கத்திவாக்கத்தான்:
இருவருக்கும் மிக்க நன்றி. கரும்பருந்துகளைத் தனிப் பக்கத்துக்கு மாற்றி, பழைய 64 என்ற எண்ணை அடித்துவிட்டேன். சனிக்கிழமை மாலை முதல் அந்திக் கணக்கைத் தொடங்குகிறேன். மழை பெய்தால் அதையும் எழுதிவைப்பேன்.