சி டிரைவ் நிரம்பிவிட்டது, பக்கத்தில் ரெகவரி பார்ட்டிஷன் குறுக்கே நிற்கிறது: என்ன செய்யலாம்?

தும்பி:
விண்டோஸ் 10, 16 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி (238 என்று காட்டுகிறது). டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் இடமிருந்து வலமாக: இஎஃப்ஐ (கணினி தொடங்க உதவும் பகுதி) 100 எம்பி, சி 118 ஜிபி, ரெகவரி (விண்டோஸ் பழுதானால் சரிசெய்ய உதவும் பகுதி) 530 எம்பி, டி 107 ஜிபி, கடைசியில் கம்பெனி ரெகவரி 12 ஜிபி. சி-யில் 3 ஜிபிதான் மிச்சம், டி பெரும்பாலும் காலி. டி-யை ஷ்ரிங்க் செய்தும் சி-யில் ‘எக்ஸ்டெண்ட் வால்யூம்’ மங்கலாகவே இருக்கிறது. அந்த 12 ஜிபி, இ டிரைவாகத் தெரிந்து ‘இடம் குறைவு’ என்று ஓயாமல் எச்சரிக்கிறது. போதாக்குறைக்கு கேபி5034441 அப்டேட் 0எக்ஸ்80070643 பிழையோடு நின்றுவிடுகிறது. ரெகவரி இரண்டையும் அழித்துவிடலாமா?

ராஜாளி:
மூன்றும் வேறு வேறு பிரச்சினை.

இ டிரைவ் எச்சரிக்கைக்கு எதையும் அழிக்க வேண்டியதில்லை. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ரைட் கிளிக் செய்து டிரைவ் எழுத்தை நீக்கினால் போதும். அந்த மெனு வரவில்லை என்றால் டிஸ்க்பார்ட்டில் (பார்ட்டிஷன்களைக் கட்டளையால் மாற்றும் விண்டோஸ் கருவி) அந்த வால்யூமைத் தேர்ந்தெடுத்து ‘ரிமூவ் லெட்டர்=இ’ கொடுங்கள். ரெகவரி பார்ட்டிஷன் நிறைந்திருப்பது இயல்புதான், அதற்கு எழுத்து வந்ததுதான் தப்பு.

எக்ஸ்டெண்ட் மங்கலாக இருப்பதற்குக் காரணம்: காலியிடம் சி-யின் வலப்பக்கம் ஒட்டியே இருக்க வேண்டும். உங்களுக்கு நடுவில் 530 எம்பி நிற்கிறது. டி-யை எவ்வளவு சுருக்கினாலும் பலன் இல்லை.

அப்டேட் பிழைக்கும் அதே 530 எம்பிதான் காரணம். 2024 ஜனவரியில் வந்த அந்த அப்டேட்டுக்கு ரெகவரி பார்ட்டிஷனுக்குள் 250 எம்பி காலி வேண்டும். சி-யில் இடம் விட்டால் அது சரியாகாது.

செங்கால்:
பார்ட்டிஷனைத் தொடும் முன் சி-யில் என்ன அடைத்திருக்கிறது என்று பாருங்கள். ஹைபர்னேஷன் கோப்பு (கணினி உறங்கும்போது ராமில் உள்ளதைச் சேமிப்பது) பொதுவாக ராமில் 40 சதவீதம். உங்களுக்கு 6 ஜிபிக்கு மேல். அட்மின் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் ‘பவர்சிஎஃப்ஜி /எச் ஆஃப்’ கொடுத்தால் அது போய்விடும், கூடவே ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் போகும். அது வேண்டுமென்றால் ‘/எச் /டைப் ரெட்யூஸ்டு’ கொடுங்கள், கோப்பு பாதியாகும். பழைய பதிப்பின் ‘விண்டோஸ்.ஓல்டு’ 10 நாளில் தானாகப் போக வேண்டியது. இன்னும் இருந்தால் டிஸ்க் கிளீனப்பில் ‘சிஸ்டம் ஃபைல்ஸ்’ வழியாக நீக்குங்கள். விண்டோஸின் சொந்தக் கூறுகள் இருக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டரைக் கையால் அழிக்கவே கூடாது. ஒரே கோப்பு இரண்டு இடத்தில் தெரிவதால் எக்ஸ்ப்ளோரர் அதன் அளவைக் கூட்டிக் காட்டும்.

தும்பி:
அதில் 8 ஜிபி கிடைத்தது, நன்றி. ஆனாலும் சி-யைப் பெரிதாக்கத்தான் வேண்டும். படிப்படியாகச் சொல்ல முடியுமா?

ராஜாளி:
டி-யில் உள்ளதை வெளி டிரைவுக்கு நகலெடுத்து, இரண்டு மூன்று கோப்புகளைத் திறந்து பாருங்கள். 8 ஜிபி பென்டிரைவில் விண்டோஸ் இன்ஸ்டாலர் ஒன்று தயார் செய்யுங்கள். பிட்லாக்கர் (வட்டைப் பூட்டும் குறியாக்கம்) இருந்தால் ரெகவரி கீயைக் குறித்துக்கொண்டு சஸ்பெண்ட் செய்யுங்கள்.

அட்மின் ப்ராம்ப்ட்டில், ரெகவரி நிலையைக் காட்டும் ‘ரீஏஜென்ட்சி /இன்ஃபோ’ கொடுங்கள். அதில் வரும் பார்ட்டிஷன் எண்தான் விண்டோஸ் உண்மையில் பயன்படுத்தும் ரெகவரி. அடுத்து ‘ரீஏஜென்ட்சி /டிஸேபிள்’. இது வின்ஆர்இ.விம் என்ற ரெகவரி கோப்பை சி-க்குள், விண்டோஸ், சிஸ்டம்32, ரெகவரி ஃபோல்டருக்குக் கொண்டுவரும். மறைந்திருக்கும் கோப்பு, சில நூறு எம்பி. அது கண்ணில் படாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

பிறகு டி வால்யூமை டெலிட் செய்யுங்கள். 530 எம்பியை டிஸ்க் மேனேஜ்மென்ட் அழிக்க விடாது. டிஸ்க்பார்ட்டில் டிஸ்க் 0, பிறகு அந்த பார்ட்டிஷன் என்று தேர்ந்தெடுத்து ‘டெலிட் பார்ட்டிஷன் ஓவர்ரைடு’. எண்ணை இரண்டு முறை சரிபாருங்கள், இங்கே ‘ஆர் யூ ஷ்யூர்’ என்றெல்லாம் கேட்காது.

இப்போது எக்ஸ்டெண்ட் மங்கலாக இருக்காது. காட்டும் உச்ச எம்பியிலிருந்து 1024-ஐக் கழித்துக் கொடுங்கள். ஒரே 256 ஜிபி வட்டில் சி, டி என்று பிரிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வட்டு போனால் இரண்டும் சேர்ந்தே போகும். மிஞ்சிய 1024 எம்பியில் ‘க்ரியேட் பார்ட்டிஷன் ப்ரைமரி’, என்டிஎஃப்எஸ் க்விக் ஃபார்மட், பிறகு ரெகவரி அடையாள எண். ஜிபிடி (புதிய பார்ட்டிஷன் அட்டவணை முறை) வட்டுக்கு அது நீளமான எண், கையால் அடிக்க வேண்டாம். மைக்ரோசாஃப்ட்டின் கேபி5028997 பக்கத்திலிருந்து அதையும் அடுத்துள்ள அட்ரிபியூட் வரியையும் ஒட்டுங்கள். அட்ரிபியூட்டை விட்டுவிட்டால் மறுபடி டிரைவ் எழுத்து வந்து பழைய எச்சரிக்கை தொடங்கும். கடைசியில் ‘ரீஏஜென்ட்சி /எனேபிள்’.

12 ஜிபி ஓரமாக இருக்கிறது, யாரையும் தடுக்கவில்லை. அதை அழித்தால் கம்பெனி ஃபேக்டரி ரீசெட் போகும். விண்டோஸ் லைசென்ஸ் போகாது.

செங்கால்:
அழிக்காமல் நகர்த்தித் தரும் வெளி மென்பொருள்களும் உண்டு. டி-யின் தொடக்கத்தை நகர்த்தினால் உள்ளே இருக்கும் தரவு முழுவதையும் எழுதி மாற்றும்; நடுவில் மின்சாரம் போனால் டி போச்சு. நகர்த்திய பின் ரெகவரி ‘டிஸேபிள்டு’ என்று வரவும் கூடும். பார்ட்டிஷன் வட்டில் எங்கே தொடங்குகிறது என்பதை ரீஏஜென்ட்.எக்ஸ்எம்எல் என்ற ரெகவரி அமைப்புக் கோப்பு குறித்து வைத்திருக்கிறது, இடம் மாறினால் பொருந்தாது.

தும்பி:
‘/இன்ஃபோ’ ஏற்கெனவே டிஸேபிள்டு என்றது. ரெகவரி ஃபோல்டரில் வின்ஆர்இ.விம் இல்லை. எதையும் அழிக்கவில்லை, அப்படியே நிறுத்திவிட்டேன்.

ராஜாளி:
நிறுத்தியது நல்லது. அந்த 530 எம்பிக்கு டிஸ்க்பார்ட்டில் தற்காலிகமாக ஓர் எழுத்து கொடுத்து, ரெகவரி, விண்டோஸ்ஆர்இ ஃபோல்டருக்குள் பாருங்கள். கோப்பு பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். மறைந்த சிஸ்டம் கோப்பு என்பதால் ‘டிர் /ஏ’ போட்டால்தான் தெரியும். அதை சி-யின் ரெகவரி ஃபோல்டருக்கு நகலெடுங்கள். அங்கும் இல்லையென்றால், அதே பதிப்பின் ஐஎஸ்ஓவில் (விண்டோஸ் இன்ஸ்டாலர் வட்டின் நகல் கோப்பு) இன்ஸ்டால்.விம் கோப்பை 7-ஜிப்பில் திறந்து, உள்ளே விண்டோஸ், சிஸ்டம்32, ரெகவரியிலிருந்து எடுங்கள். பிறகு ‘ரீஏஜென்ட்சி /செட்ரீஇமேஜ் /பாத்’ என்று அந்த ஃபோல்டரைக் காட்டிவிட்டு மேலே சொன்ன வரிசையில் தொடருங்கள்.

தும்பி:
பழைய பார்ட்டிஷனிலேயே இருந்தது. எல்லாம் முடித்தேன். சி இப்போது 225 ஜிபி, ‘/இன்ஃபோ’ எனேபிள்டு, பார்ட்டிஷன் 4.

ராஜாளி:
ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்து, ‘ட்ரபிள்ஷூட்’ திரை வருகிறதா என்று ஒருமுறை பாருங்கள். வந்தால் பிட்லாக்கரை மறுபடி ஆன் செய்துவிட்டு அப்டேட்டை ஓட்டுங்கள்.