பொருள்: போடியாட்ரிக்கும் அதன் அறுவைப் படிப்புக்கும் தமிழ்ச் சொல் – இதுவரை வந்தவையும் என் முடிவும்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இழை நீண்டுவிட்டது. கையேடு அச்சுக்குப் போக வேண்டியிருப்பதால், வந்த சொற்களை எடுத்து வைத்து, எனக்குச் சரியென்று படுவதைக் காரணத்தோடு எழுதுகிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. ராயபுரம், காசிமேடு, பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கத்து நீரிழிவுக்காரர்களுக்காகப் பாதப் பராமரிப்புக் கையேடு ஒன்று எழுதி வருகிறேன். அதைச் சரிபார்த்துத் தருபவர் எங்கள் தெருப் பெண். பிரிட்டனில் போடியாட்ரி, அதாவது பாத நோய்களைக் கவனிக்கும் படிப்பு, படித்து அங்கேயே வேலை செய்கிறார். இப்போது பாத அறுவைக்கான முதுநிலைப் படிப்பை இணையவழியில் தொடங்கியிருக்கிறார். பின்னட்டையில் அவரை என்னவென்று குறிப்பிடுவது என்ற கேள்வியில்தான் இந்த இழை தொடங்கியது.

> கால் என்றாலே போதுமே. ஸ்டான்லியில் கை அறுவை என்றுதானே சொல்கிறோம்?

தண்டையார்பேட்டை ஐயாவின் இந்தக் கேள்விதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் கை அறுவைப் பிரிவு நாடறிந்தது. கை என்ற சொல் தோளிலிருந்து விரல் நுனி வரை எல்லாவற்றையும் குறித்தாலும் அங்கே யாரும் குழம்பியதில்லை. கால் விஷயம் அப்படியில்லை. ‘கால்ல ஆபரேஷன்’ என்று டாக்டர் சொன்னால், வீட்டார் காதில் ‘காலை எடுக்கப் போறாங்க’ என்றுதான் விழுகிறது. டாக்டர் சொன்னது சுண்டுவிரலில் சீழ் கட்டியதைத் திறந்து விடுவதாக இருக்கும். பயந்து வீட்டுக்குப் போய்விட்டு, புண் மேலேறிய பிறகு திரும்பி வருகிறார்கள். அப்போது நிஜமாகவே முழங்காலுக்குக் கீழ் எடுக்க வேண்டிய நிலை வந்துவிடுகிறது. எந்த அளவு எடுப்பது என்று பிரித்துச் சொல்லும் சொல் இங்கே உயிர்ப் பிரச்சினை.

அதனால் கையேட்டில் ஒவ்வொரு அளவுக்கும் தனிச் சொல் வைத்திருக்கிறேன்: விரல் நீக்கம், முன்பாத நீக்கம், முழங்கால்கீழ் நீக்கம். இவற்றை யாரும் மறுக்கவில்லை. விரலோடு சேர்த்து, அதன் பின்னால் பாதத்துக்குள் நீளும் எலும்பையும் எடுப்பார்களே, ஆங்கிலத்தில் ‘ரே’ என்று தொடங்குவது, அதற்கு வந்த ‘கதிர் நீக்கம்’ மட்டும் வேண்டவே வேண்டாம். எங்கள் பக்கம் கதிர் என்றாலே புற்றுநோய்க்குக் கரண்ட் வைப்பதுதான் நினைவுக்கு வரும். ‘விரல்வரிசை நீக்கம்’ என்றால் ஐந்து விரலும் போகிறது என்று படும். நான் ‘விரல்தண்டு நீக்கம்’ என்கிறேன். முதுகுத்தண்டு ஏற்கெனவே எல்லோர் வாயிலும் இருப்பதால் தண்டு என்றால் எலும்பு என்று விளங்கிவிடுகிறது. இரண்டு வயதான அம்மாக்களிடம் படித்துக் காட்டினேன். இருவரும் தயங்காமல் பாதத்தின் மேல் சரியான இடத்தைத் தொட்டுக் காட்டினார்கள்.

சரி, கால் வேண்டாம் என்றால் அடியா, பாதமா? ‘அடியியல்’ பரிந்துரைத்த நண்பரின் தமிழ்ப்பற்றை மதிக்கிறேன். திருவடி, சேவடி என்று எவ்வளவு பழைய, அழகான சொல்! ஆனால் ‘அடி மருத்துவர்’ என்று பலகை இருந்தால் சென்னையில் அடிபட்டவர்கள்தான் உள்ளே போவார்கள். அளவையிலும் அடி இருக்கிறது. பாதம் வடமொழி வழி வந்ததென்றாலும் ‘பாதம் எரியுது’, ‘பாதம் மரத்துப் போச்சு’ என்பது நோயாளி தானாகவே சொல்லும் வாக்கியம். நோயின் முதல் அறிகுறியைச் சொல்ல அவர்கள் எடுக்கும் சொல்லைப் பிடுங்கிவிட்டு வேறொன்றைக் கொடுக்க எனக்கு மனமில்லை.

1954இல் பேராசிரியர் எம். விசுவநாதன் தொடங்கிய நீரிழிவு மருத்துவமனை ராயபுரத்தில் இருப்பதால், இந்தப் பேச்சு எங்கள் பகுதிக்குப் புதிதும் அல்ல. உணர்ச்சி மரத்த பாதத்துக்கு ‘எம்.சி.ஆர். செருப்பு’ என்று கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். எம்.சி.ஆர். என்பது மைக்ரோசெல்லுலர் ரப்பர் என்பதன் சுருக்கம். அதைப் போய் நுண்ணறை ரப்பர் என்று மாற்ற வேண்டியதில்லை. அது அப்படியே இருக்கட்டும்.

அடுத்து, இழையில் அதிகம் சூடு பறந்த இடம்.

> இயட்ரோஸ் என்றால் கிரேக்கத்தில் மருத்துவர். போடியாட்ரிஸ்ட் என்றால் பாத மருத்துவர். இதில் என்ன விவாதம்?

வேர்ச்சொல் சரிதான். ஆனால் தமிழ்நாட்டில் குழந்தைநல மருத்துவர், மனநல மருத்துவர் என்று பலகையில் படித்தால், எம்.பி.பி.எஸ். முடித்து மேலே படித்தவர் என்றுதான் நாம் புரிந்துகொள்கிறோம். பிரிட்டனில் போடியாட்ரிஸ்ட் என்பது தனித் தொழில், தனிப் பட்டம், தனிப் பதிவு. பதிவு இல்லாதவர் அந்தப் பெயரை வைத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்காது. பொது மருத்துவப் படிப்பு வழியாக அவர்கள் வருவதில்லை. அங்கே அவர்கள் மேற்கொண்டு பயின்று, பெருவிரல் கோணல், மடங்கிய விரல் போன்றவற்றுக்கு அறுவையும் செய்கிறார்கள். பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரக்க வைத்துச் செய்து, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அமெரிக்காவில் கதை வேறு. நான்கு ஆண்டு போடியாட்ரிக் கல்லூரி, அதன்பின் மூன்று ஆண்டு மருத்துவமனைப் பயிற்சி, பட்டத்திலேயே டாக்டர் என்று இருக்கிறது. நம் ஊரில் பாதத்தில் கத்தி வைப்பவர்கள் பொது அறுவை, எலும்பு, ரத்தநாளம், பிளாஸ்டிக் அறுவை படித்த மருத்துவர்கள்.

ஆஸ்திரேலியாவிலும் இதே விவாதம் நடந்திருக்கிறது. பாத அறுவை செய்யும் போடியாட்ரிஸ்டுகளை ஒழுங்குபடுத்தும் விதிகள் பற்றிய சுதந்திரமான ஆய்வு, அவர்களின் பட்டப்பெயரில் ‘சர்ஜன்’ தலைச்சொல்லாக நிற்பது மக்களைக் குழப்புகிறது என்றும், ‘போடியாட்ரிஸ்ட்’ தலைச்சொல்லாகி அறுவை அதற்கு அடைமொழியாக வேண்டும் என்றும் 2024இல் பரிந்துரைத்தது. தமிழிலும் கடைசியில் நிற்கும் சொல்தான் ஆளைச் சொல்கிறது. ‘பாத அறுவை மருத்துவர்’ என்றால் முதலில் மருத்துவர், பிறகு அறுவை, பிறகு பாதம். எங்கள் தெருப் பெண் பயணம் செய்யும் திசை இதற்கு நேர் எதிர். பாதத்தில் தொடங்கி அறுவைக்கு வருகிறார். இதில் தாழ்வு ஒன்றும் இல்லை. அவரே இதைத்தான் வற்புறுத்தினார். தன் பாதத்தைக் கொடுக்கிறவருக்கு, எதிரே நிற்பவர் என்ன படித்தவர் என்று பெயரிலேயே தெரிய வேண்டும்.

‘பாதப் பேணுநர்’ எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் அழகு நிலையத்தில் கால் தேய்த்துவிடும் வேலையோடு அது கலந்துவிடும் என்று ஆசிரியை அம்மா சொன்னதை ஏற்கிறேன். ‘பாதநலர்’ சுருக்கமானதுதான், ஆனால் நல்ல பாதம் உள்ளவர் என்று பொருள்படுகிறது. ஆகவே என் முடிவு இது. துறை பாதநலவியல். ஆள் பாதநல வல்லுநர். அறுவை பயின்று தகுதி பெற்றவர் அறுவைப் பாதநல வல்லுநர். எம்.பி.பி.எஸ். வழியாக வந்தவருக்கு மட்டும் பாத அறுவை மருத்துவர். அமெரிக்கப் பட்டம் பெற்றவரைப் பற்றி எழுதும்போது ஒரு வரி விளக்கம் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு சொல்லே எல்லா நாட்டையும் சுமக்க வேண்டாம்.

படிப்பின் பெயர் இன்னும் கவனமாகச் செய்ய வேண்டியது. ‘பாத அறுவை இணையவழி முதுநிலைப் பட்டம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். கணினி முன் உட்கார்ந்தே அறுவை கற்றுவிடலாம் என்று படிப்பவர் நினைப்பார். காசு பிடுங்கும் கும்பலுக்கு அதுவே விளம்பர வாசகமாகிவிடும். இணையத்தில் கற்பது எதை? 26 எலும்புகளின் அமைப்பு, நடக்கும்போது எடை எங்கே விழுகிறது, படம் பார்த்து நோயறிதல், யாருக்கு அறுவை கூடாது, மரக்க வைக்கும் மருந்தின் அளவு, ஆய்வுக் கட்டுரையை எடைபோடுவது. கத்தி பிடிப்பது அதற்கப்பால், தேர்ந்தவர் மேற்பார்வையில், அறுவை அரங்கில் ஆண்டுக்கணக்கில் நடக்கும் பயிற்சி. அதை முடித்துத் தேறிய பிறகுதான் பிரிட்டனின் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே அறுவைத் தகுதி குறிக்கப்படும். ஆகவே ‘பாதநல அறுவைக் கோட்பாடு – இணையவழி முதுநிலைப் படிப்பு’ என்பதே நேர்மையான பெயர். ‘கோட்பாடு’ என்ற சொல்லை நீளம் கருதி வெட்டிவிட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அரங்கில் நடப்பதற்கு ‘அறுவைப் பயிற்சி’ என்ற பெயரை விட்டுவைப்போம்.

மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள். குறிப்பாகப் ‘பாதநல வல்லுநர்’ நாவில் புரள்கிறதா என்று வீட்டில் பெரியவர்களிடம் சொல்லிப் பாருங்கள்.

அப்புறம், டிப்ரைட்மென்டுக்கு இன்னும் சொல் கிடைக்கவில்லை. புண்ணில் செத்த சதையை வெட்டி எடுத்து நல்ல சதை தெரியும்வரை சுத்தம் செய்வது. ‘புண் துப்புரவு’ என்றால் டெட்டால் போட்டுத் துடைப்பதுபோல் இருக்கிறது. ‘சதை நீக்கம்’ பயமுறுத்துகிறது. காசிமேட்டில் கெளுத்தி முள் குத்திப் புரையோடி வருகிறவர்களிடம் தினமும் சொல்ல வேண்டிய சொல் இது. யாரிடமாவது நல்லது இருந்தால் இதே இழையில் போடுங்கள்.

அன்புடன்,
ராயபுரத்திலிருந்து