பொருள்: பாலிஷ் பேட், சுழல் கீறல் – தமிழில் என்ன எழுதுவது?

குழுவினருக்கு வணக்கம்.

பெங்களூரு ஜே.சி. ரோட்டில் கார் வேலை பழகும் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பிள்ளைகளுக்காக ஒரு கையேட்டைத் தமிழாக்குகிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. பெயின்டில் விழும் மெல்லிய கீறல்களை எடுக்க பாலிஷ் மெஷினில் மாட்டும் மெத்தென்ற வட்டுதான் பேட். அது கம்பளி, மைக்ரோஃபைபர், நுரை என மூன்று வகை. நுரையிலும் வெட்டுவது, மெருகிடுவது, முடிப்பது என்று உண்டு. இப்போதைக்குப் பேடை ‘மெருகுப் பஞ்சு’ என்றும், அந்தக் கீறலைச் ‘சுழல் கீறல்’ என்றும் எழுதியிருக்கிறேன். உதவுங்கள்.

மறுமொழி (அல்சூர்):

ஐயா, தமிழ்ச்சொல் வல்லின மெய்யில் முடியாது. உகரம் சேர்த்தால் ‘பேடு’. ‘பேடை எடு’ என்றால் பெண்பறவையை எடு என்றாகும். கம்பளியைப் பஞ்சு என்பதும் பொருந்தாது. மெத்தென்று இருப்பது திண்டு, அதுவே சரி. மேலும், வெட்டும் பேட் எதையும் வெட்டுவதில்லை, அராவுகிறது. ‘அராவுதிண்டு’ என்றால் வினைத்தொகை, ஒற்றும் மிகாது. கீறலுக்குச் ‘சுரி’ இருக்கிறது. சுரிமுகம் சங்கு, சுரிகுழல் சுருண்ட கூந்தல். சுருள், சுருட்டை, சுரிதல் எல்லாம் ஒரு வேரில் கிளைத்தவை.

மறுமொழி (சிவாஜிநகர்):

சுரி அழகான சொல்தான். ஆனால் அந்தக் கீறல் சுருண்டிருப்பதில்லை. தூசியோடு காய்ந்த துணியால் துடைத்த காரில் கீறல்கள் எல்லாத் திசையிலும் கிடக்கும். வெயிலில் பார்த்தால், சூரியனின் பிம்பத்தைச் சுற்றி வளையமாக அமைந்தவை மட்டுமே ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பும். இரண்டடி நகர்ந்து பாருங்கள், வளையமும் கூடவே நகரும். பார்க்கச் சிலந்தி வலை போலிருக்கும், ஆகவே ‘வலைக்கீறல்’ என்போம்.

பேடின் பெயரில் எனக்குக் கவலை அதிகம். பெயின்டின் நிறத்துக்கு மேலே உள்ள நிறமற்ற பூச்சான கிளியர் கோட் பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான்; தேய்த்துப் போக்கியது திரும்ப வராது. அதனால்தான் முதலில் மென்மையான பேடை ஓரிடத்தில் ஓட்டிப் பார்த்து, கீறல் போகாவிட்டால் மட்டும் கடுமையானதை எடுக்கச் சொல்கிறோம். பேடின் நிறத்தை நம்ப முடியாது, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கடுமை பெயரிலேயே தெரிய வேண்டும். வன்னுரை, இடைநுரை, மென்னுரை என்று வையுங்கள். வல்லினம், மெல்லினம், இடையினம் படித்த பிள்ளைக்கு விளக்கவே வேண்டாம். ‘அராவுதிண்டு’ என்றால் அவன் என்னையே திரும்பிக் கேட்பான்.

மறுமொழி (அல்சூர்):

வன்னுரை வல் + நுரையா, வன் + உரையா? மென்னுரை என்றால் இனிய பேச்சு என்றுதான் எனக்குப் படுகிறது. புணர்ச்சி தெரிந்தவன் கடுஞ்சொல் என்று படிப்பான்.

மறுமொழி (இழையைத் தொடங்கியவர்):

பிரித்தே அச்சிடுகிறேன்: வல் நுரை, இடை நுரை, மெல் நுரை. கம்பளிக்குக் கம்பளி பேட். வலைக்கீறலுக்கு நால்வர் தனிமடலில் இசைந்திருக்கிறார்கள். ‘பேட்’ அப்படியே இருக்கட்டும்; கடையில் போய் அவர்கள் அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

மறுமொழி (அல்சூர்):

கடைக்காரருக்காகக் கையேடா? திண்டை விட்டதில் எனக்கு உடன்பாடில்லை. அடுத்த பதிப்புக்கு முன் மீண்டும் எழுதுவேன்.