சி ஏ டி கேட், கேட்னா பூனை!

மொட்டைமாடி டீச்சர்:

கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது விட்டுப்போன படிப்பைப் பிடிக்க, 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசில் இல்லம் தேடிக் கல்வி என்ற திட்டம் தொடங்கினார்களே, அதில் தன்னார்வலராகச் சேர்ந்தவள் நான். சாயங்காலம் ஆனால் தெருப் பிள்ளைகள் எங்கள் மொட்டை மாடிக்கு வந்துவிடுவார்கள். பெரும்பாலும் ஒன்றாவது, இரண்டாவது படிக்கிற பொடிசுகள். அவர்களுக்கு ஆங்கில வார்த்தைகளை வாசிக்கக் கற்றுக்கொடுத்ததில் பார்த்ததை எழுதுகிறேன். உங்கள் வீட்டு அனுபவத்தையும் சொல்லுங்கள்.

வந்த புதிதில் எல்லாரும் "சி ஏ டி கேட், கேட்னா பூனை, ஆர் ஏ டி ரேட், ரேட்னா எலி" என்று ராகம் போட்டு ஒப்பிப்பார்கள். ஒரு எழுத்துகூடத் தப்பாது. சரி என்று பலகையில் எம் ஏ டி எழுதி, "இது என்ன?" என்று கேட்டால் ஒரே அமைதி. "அக்கா, அது எங்க மிஸ் இன்னும் நடத்தல" என்றாள் ஒருத்தி. அவள் சொன்னதும் நியாயம்தான். எழுத்தின் பெயர் தெரிந்த அளவுக்கு அதன் ஒலி தெரியவில்லை. சி, ஏ, டி என்ற மூன்று பெயர்களை எவ்வளவு வேகமாகச் சேர்த்துச் சொன்னாலும் கேட் என்று வராதே!

நம் பிள்ளைகளுக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. தமிழில் இ என்றால் இ, ஐ என்றால் ஐ. பெயரும் ஒலியும் ஒன்று. ஆங்கிலத்திலோ இ என்று பெயர் வைத்த எழுத்து பெட், பென் என்று எகரமாக ஒலிக்கிறது. ஐ என்று பெயர் வைத்தது பின், டின் என்று இகரமாக ஒலிக்கிறது. பின் என்பதற்கு நடுவில் 'இ' எழுதுகிற பிள்ளை தமிழை ஒழுங்காகப் படித்த பிள்ளை!

எனக்குக் கைகொடுத்தது நம் புள்ளிதான். க் + ஆ = கா என்று சேர்க்கத் தெரிந்த பிள்ளைக்கு ஒலிகளைச் சேர்ப்பது புதிய வித்தை இல்லை. ஆங்கிலத்தில் மெய்க்குப் புள்ளி கிடையாது, அதனால் எழுத்துக்குத் தனி ஒலி சொல்லச் சொன்னால் பிள்ளைகள் ம, ன, ட என்று அகரம் சேர்த்துவிடுகிறார்கள். அப்புறம் எப்படிச் சேர்த்தாலும் 'மஅட' என்றுதான் வரும். நான் பலகையில் ஆங்கில மெய்யெழுத்துகளின் தலையில் சாக்பீஸால் புள்ளி வைத்தேன். ம், ட் என்று குறுக்கிச் சொன்னார்கள், சேர்த்தார்கள், வாசித்தார்கள். (ஒரு பையன் பள்ளி நோட்டிலும் புள்ளி வைத்து, அவன் மிஸ் கூப்பிட்டு விசாரித்தது தனிக்கதை.) எஸ், ஏ, டி, ஐ, பி, என் என்ற ஆறு எழுத்துகளில் தொடங்கினேன். எழுத்தின் பெயரை விட்டு ஒலியைச் சொல்லிக்கொடுப்பதை ஃபோனிக்ஸ் என்கிறார்கள். 1992-இல் இங்கிலாந்தில் வந்த ஜாலி ஃபோனிக்ஸ் முறையிலும் முதல் வரிசை இவைதான். இந்த ஆறிலேயே பின், டின், டிப், சிட், பேன் என்று நிறையக் கிடைக்கிறது. ஏ பி சி டி வரிசையில் போனால் முதல் வாரத்தில் வாசிக்க இவ்வளவு தேறாது.

அடுத்தது பி. தமிழில் எழுதினால் இரண்டுமே பிதான், எப்படி விளக்குவது! பஸ்ஸில் வருகிற பி ஒன்று, பேனாவில் வருகிற பி இன்னொன்று. பிள்ளைகள் மாற்றி மாற்றி எழுதுவார்கள். வாய்க்கு முன்னால் காகிதத்தைப் பிடி, பேனா பி சொன்னால் காகிதம் ஆடும் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். வெள்ளைக்காரர் வாய்க்கு ஆடும். நாம் சொல்கிற 'ப்'பில் அவ்வளவு காற்று வராது. ஆனால் இரண்டு ஒலியும் நம் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. அப்பாவில் வருவது பேனா பி, தம்பியில் வருவது பஸ் பி. தொண்டையில் விரலை வைத்து இரண்டையும் சொல்லச் சொன்னால் தம்பிக்கு அதிர்வது விரலுக்குத் தெரியும். இதே கணக்கில் பாட்டி, வண்டி. அக்கா, தங்கை. "அக்காவா தங்கையா?" என்று நான் கேட்டாலே கேவா ஜியா என்று எழுதிவிடுகிறார்கள் இப்போது.

உயிரெழுத்துதான் இன்னும் படுத்துகிறது. கப் என்று சொன்னால் சி ஏ பி என்று எழுதுவார்கள். ஏன் என்று பார்த்தால், வீட்டில் பெயரை ஆங்கிலத்தில் எழுதப் பழகியிருக்கிறார்கள். கமலா என்ற பெயரில் மூன்று ஏ. அகரத்துக்கு ஏ போட்டவன்தானே கப்புக்கும் போடுவான்? டாக் என்பதற்கும் நடுவில் ஏ. இதற்குக் குறுக்குவழி எனக்குக் கிடைக்கவில்லை. கப், பஸ், சன் என்று யூ குடும்பத்தை ஒரு வாரம், டாக், பாட், பாக்ஸ் என்று ஓ குடும்பத்தை ஒரு வாரம் எனத் தனித்தனியாக ஓட்டுகிறேன்.

லூட்டன் அம்மா:

அப்பா, தம்பி விஷயத்தை இன்றைக்கே மகளிடம் சோதித்துப் பார்த்தேன், சிரித்துச் சிரித்துச் செய்தாள். இங்கே இங்கிலாந்தில் முதலாம் ஆண்டு முடிகிறபோது அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஃபோனிக்ஸ் சோதனை உண்டு, 2012-இலிருந்து நடக்கிறது. 40 சொற்களை வாசிக்க வேண்டும். அதில் 20 அர்த்தமே இல்லாத பொய்ச் சொற்கள்! பக்கத்தில் வேற்றுக்கிரகவாசி படம் போட்டிருப்பார்கள். முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது, பிள்ளைக்கு இல்லாத சொல்லை ஏன் கொடுக்கிறீர்கள் என்று. வீட்டில் பழக்கியபோதுதான் விஷயம் புரிந்தது. 'ஸ்ட்ரோம்' என்று எழுதிக் கொடுத்தால் மகள் கண்ணை ஓட்டிவிட்டு 'ஸ்டோர்ம்' என்கிறாள். தெரிந்த சொல்லாக இருந்தால் ஊகித்துவிடலாம், பொய்ச் சொல்லில் எழுத்தைப் பார்த்தே ஆக வேண்டும். உங்கள் பூனை, எலி ராகத்துக்கும் இது மருந்தாகும் என்று நினைக்கிறேன். இரவில் அவள் எனக்குப் பொய்ச் சொல் எழுதித் தருகிறாள், நான் வாசிக்க வேண்டும்.

மதுரைத் தாத்தா:

பேரன் யூகேஜி. டீச்சரம்மா, புள்ளி யோசனை பிரமாதம். ஆனால் அவன் இப்போது ஒலியை நம்பி எல்லாவற்றையும் கூட்டுகிறான். 'செட்' என்பதை, அதாவது "சொன்னார்" என்கிற செட்டை, 'சாயிட்' என்று வாசிக்கிறான். 'வாஸ்' என்பதை 'வேஸ்' என்கிறான். கேட்டால் "எழுத்து அப்படித்தானே தாத்தா இருக்கு" என்று என்னையே மடக்குகிறான். இதற்கு என்ன வழி?

மொட்டைமாடி டீச்சர்:

லூட்டன் அம்மா, நன்றி. பொய்ச் சொல் விளையாட்டை நாளைக்கே மாடியில் இறக்கிவிடுகிறேன்.

ஐயா, பேரன் சரியாகத்தான் போகிறான், நிறுத்திவிடாதீர்கள். அந்த மாதிரிச் சொற்களைப் பார்த்துப் பார்த்தே பழக வேண்டும். எட்வர்ட் டால்ச் என்ற அமெரிக்கர் 1936-இலேயே அடிக்கடி வருகிற 220 சொற்களைப் பட்டியல் போட்டார். இணையத்தில் தேடினால் கிடைக்கும். ஆனால் முழுச் சொல்லையும் மனப்பாடம் பண்ண விடாதீர்கள். நீங்கள் சொன்ன செட்டையே எடுங்கள், முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் ஒலிப்படிதான் இருக்கின்றன, நடுவில் உள்ள ஏ, ஐ இரண்டும்தான் அடம் பிடிக்கின்றன. அந்த இரண்டுக்கு மட்டும் சிவப்புப் பென்சிலால் வட்டம் போடச் சொல்லுங்கள். வாரத்துக்கு மூன்று நான்கு சொல் போதும். டிக்டேஷன் கொடுக்கும்போது சொல்லைத் தனியாகச் சொல்லாமல் ஒரு வாக்கியத்தில் வைத்துச் சொல்லுங்கள், அப்போதுதான் சொன்னார் என்கிற 'செட்'டா, சாமான் 'செட்'டா என்று அவனுக்குத் தெரியும்.